பல் கறை போக, எனாமல் தேயாமல்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளராக 11 வருஷமாக வேலை பார்க்கிறேன். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும்போதும் தை பிறக்கும் முன்னாலும் ஒரே கோரிக்கையோடு பலர் வருவார்கள்: "சிஸ்டர், பல் வெள்ளையாகணும், பத்து நாள்தான் இருக்கு."

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டிலேயே எதையாவது செய்து பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்திருப்பார்கள், செய்யவே கூடாததை ஒரு மாதமாகச் செய்திருப்பார்கள். கறையோடு வந்தால் சரி செய்துவிடலாம். பல்லின் வெளி ஓடான எனாமலைத் தேய்த்துவிட்டு வந்தால் டாக்டருக்கும் செய்வதற்கு அதிகம் இருக்காது. எனாமல், நகம் முடி மாதிரி திரும்ப வளராது. அதை உண்டாக்கும் செல்கள், பல் ஈறை விட்டு வெளியே வருவதோடு மறைந்துவிடுகின்றன. பல்லின் முனையில் அதிகபட்சம் இரண்டரை மில்லிமீட்டர் கனம், ஈறுக்குப் பக்கத்தில் இன்னும் மெல்லிசு. வாழ்நாள் முழுக்க அவ்வளவுதான்.

அதனால்தான் கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் செய்யச் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன்: நாள் கணக்கும் ஒரு போட்டோவும்

முதலில் தேவைப்படுவது நாட்கள். பழக்கத்தை மாற்ற ஒரு வாரம், சுத்தம் செய்தபின் ஈறு ஆற இரண்டு வாரம், வெளுப்பாக்க இரண்டு வாரம், நிறம் நிலைக்க இரண்டு வாரம். ஆக ஏழு வாரம். கல்யாணம் என்றால் இரண்டு மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுங்கள். எல்லோருக்கும் எல்லாப் படியும் தேவைப்படாது, ஆனால் நாள் கையில் இருந்தால்தான் நடுவில் நிறுத்தி யோசிக்க முடியும்.

அடுத்தது போட்டோ. காலையில் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், உதட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் துண்டைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும். தாள் இருந்தால் அது தெரிந்துவிடும். ஒவ்வொரு படி முடிந்ததும் அதே ஜன்னலில் அதே நேரத்தில் இன்னொன்று எடுங்கள்.

அந்தத் தாளின் வெண்மை பல்லுக்கு வர வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஆரோக்கியமான பல்லிலேயே லேசான மஞ்சள் சாயல் உண்டு, எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினின் நிறம் அது. உங்கள் கண்ணின் வெள்ளை எவ்வளவோ, அந்த அளவுக்குப் பல் வந்தால் முகத்துக்குப் பொருத்தமாக இருக்கும்.

2. கறை பல்லின் மேலா, உள்ளேயா?

மேலே படிந்த கறை சுத்தம் செய்தால் போகும். உள்ளே ஊறிய கறை எத்தனை தேய்த்தாலும் போகாது, எனாமல்தான் போகும். அதனால் இந்தப் படியில் அவசரம் வேண்டாம். கண்ணாடியை எடுத்துக்கொண்டு நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள்.

கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தில், நாக்கு படும் இடத்தில், மஞ்சளாகக் கெட்டியாக ஒட்டியிருந்தால் அது காரை. ஈறு ஓரமாகவும் பல் இடுக்கிலும் பழுப்புக் கோடு ஓடினால் டீ, காபி, வெற்றிலை பாக்கு, புகையிலை, பீடி, சிகரெட் இவற்றின் கறை. பெரும்பாலும் காரை மேல்தான் ஏறியிருக்கும். இவை எல்லாம் மேல்கறை.

பல் வெடித்து வரும்போதே சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டுகள், குறுக்கே பழுப்புப் பட்டைகள் இருந்திருந்தால் அது பெரும்பாலும் ஃபுளோரைடு அதிகமான தண்ணீரால் வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டதற்கு ஒரு காரணமே இதுதான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்திலிருந்து கடலூர் முதுநகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு அக்கா, "எத்தனை வருஷமா உமிக்கரி போட்டுத் தேய்க்கிறேன், போகவே மாட்டேங்குது" என்றார். பட்டை அப்படியே இருந்தது. ஈறு ஓரத்தில் ஒவ்வொரு பல்லிலும் விரல்நகம் மாட்டும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. சின்ன வயதில் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று டாக்டர் கேட்டதும்தான் விஷயம் புரிந்தது.

ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தால், எப்போதோ அடிபட்டு அதன் நரம்பு செத்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் அதில் கை வைக்கக் கூடாது. எட்டு வயதுக்குள் டெட்ராசைக்ளின் வகை மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சாம்பல், பழுப்புப் பட்டைகள் நிரந்தரமாகத் தங்கும். வயது ஏற ஏற எனாமல் மெலிந்து டென்டின் தெரிவதால் வரும் பொது மஞ்சளும் உள்ளிருந்து வருவதுதான்.

கறுப்பாகப் புள்ளி, குழி, சாப்பாடு மாட்டும் இடம் இருந்தால் அது சொத்தையாக இருக்கலாம். வெண்மைப் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அதை அடைக்க வேண்டும்.

வெற்றிலை பாக்கு, பான் மசாலா, புகையிலை போடுகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் விட முடிகிறதா? முடியவில்லை என்றாலோ, கன்னத்தின் உள்பக்கம் வெள்ளை, சிவப்புத் திட்டு இருந்தாலோ, காரம் பட்டால் வாயெல்லாம் எரிந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. கறையைப் பற்றிக் கேட்க வந்து இது கண்டுபிடிக்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

3. இன்றைக்கே நிறுத்த வேண்டியவை

எலுமிச்சையும் உப்பும். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் அதிகமாகக் கெடுக்கிறது.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், கல்யாணத்துக்கு மூன்று வாரம். பாதி எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டு, பத்து நாளாகக் காலை மாலை தேய்த்திருக்கிறாள். "முதல் ரெண்டு நாள் நல்லா வெள்ளையாச்சு அக்கா, அப்புறம்தான் கூச ஆரம்பிச்சுது" என்றாள். விளக்கைத் திருப்பிப் பார்த்தால் முன்பற்களில் பளபளப்பே இல்லை, கோலமாவு தடவின மாதிரி மங்கல். பல் நுனி கண்ணாடி போல அந்தப் பக்கம் தெரிந்தது. டாக்டர் காற்றுக் குழாயை லேசாக ஒருமுறை அழுத்தியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்கு வெளுப்பாக்கவில்லை. எனாமலை உறுதியாக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் பூசி அனுப்பினோம்.

காரணம் எளிது. அமிலத்தை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறைய அமிலம் கூடுதல். வாயில் அது 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5 வரை. சாறு மேற்பரப்பை இளக்குகிறது, உப்புப் படிகம் இளகியதைச் சுரண்டி எடுக்கிறது. கறையோடு எனாமலும் போவதால் முதல் இரண்டு நாள் வெள்ளையாகத் தெரியும். பிறகு உள்ளே இருக்கும் மஞ்சள் டென்டின் தெரியும். முன்பைவிட மஞ்சளாகிவிட்டது என்று இன்னும் அதிகமாகத் தேய்ப்பார்கள்.

சமையல் சோடாவில் எலுமிச்சை பிழிந்து தேய்ப்பதும் இதே கதைதான். சோடா மாவு மட்டும் என்றால் அவ்வளவு கரகரப்பு கிடையாது, மேல்கறை லேசாகக் குறையும். ஆனால் அதில் ஃபுளோரைடு இல்லை, அதனால் பேஸ்ட்டுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

செங்கல் தூள், சாம்பல், உமிக்கரி, கரகரப்பான சிவப்புப் பல்பொடி: விரலில் எடுத்து நகத்தின் மேல் தேய்த்துப் பாருங்கள். நகத்தின் பளபளப்பு போனால், அது பல்லுக்கும் வேண்டாம். கரி கலந்த பேஸ்ட்டும் இந்த வரிசையில்தான் வரும்.

வேப்பங்குச்சி பற்றி எப்போதும் கேட்பார்கள். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று படித்து வளர்ந்தவர்கள்தானே நாம். நுனியை நன்றாக மென்று நார் பஞ்சு மாதிரி ஆனபின், அழுத்தாமல் தேய்த்தால் கெடுதல் இல்லை. மெல்லாமல் குச்சியாகவே வைத்து இழுத்தால் ஈறு இறங்கும். ராத்திரி ஃபுளோரைடு பேஸ்ட் எப்படியும் வேண்டும். எண்ணெய் கொப்பளிப்பதால் நிறம் மாறாது, பிடித்தால் செய்யுங்கள்.

4. பிரஷ், பேஸ்ட், துலக்கும் நேரம்

பிரஷ் 'சாஃப்ட்' என்று போட்டதாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்குள் நார் விரிந்துவிட்டால் நீங்கள் அழுத்தித் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். பேனா பிடிப்பது போல விரல்நுனியில் பிடித்துப் பாருங்கள், அழுத்தவே முடியாது.

பேஸ்ட்டில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். இந்தியாவில் விற்கும் பெரும்பாலான ஃபுளோரைடு பேஸ்ட்டில் 1000 பிபிஎம் அளவு இருக்கும், அது போதும். பட்டாணி அளவு எடுத்தால் போதும். 'வொயிட்டனிங்' என்று எழுதிய பேஸ்ட்டுகள் பெரும்பாலும் மேல்கறையைத் தேய்த்துத்தான் எடுக்கின்றன. பல் கூச்சம் உள்ளவர்கள் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாக, இரண்டு நிமிஷம். ரம்பம் அறுப்பது போல குறுக்கே இழுக்காதீர்கள்.

காலையில் துலக்கிவிட்டுக் காபி குடிக்கும் நம் வழக்கம் நல்ல வழக்கம்தான், மாற்ற வேண்டாம். எலுமிச்சை ஜூஸ், சோடா, புளிப்பான பழம் சாப்பிட்டவுடன் துலக்குவதுதான் தப்பு. அந்த நேரத்தில் எனாமல் இளகியிருக்கும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது விடுங்கள். எச்சில் அந்த நேரத்தில் கால்சியத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் தடுமாறுவது ஒரு இடத்தில். ராத்திரி துலக்கியதும் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே படுக்க வேண்டும். நாம் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து, தொண்டை வரை கொப்பளித்து, பேஸ்ட் வாசனையே இல்லாமல் ஆக்கிவிடுவோம். அதோடு ஃபுளோரைடும் போய்விடும். முதல் வாரம் வாய் வழவழவென்று ஒரு மாதிரி இருக்கும். அப்புறம் பழகிவிடும்.

5. கிளினிக்கில் பல் சுத்தம்

காரை கல் மாதிரி. பிரஷ்ஷுக்கு வராது. வீட்டில் ஊசி, பின், ஆன்லைனில் வாங்கிய கொக்கி வைத்து நோண்டாதீர்கள், எனாமலில் கீறல் விழும், அதில்தான் அடுத்த கறை முதலில் ஏறும்.

ஸ்கேலிங் கருவியின் நுனி மிக வேகமாக அதிர்ந்து காரையை உடைக்கும், கூடவே தண்ணீர் பீய்ச்சும். "க்ளீன் பண்ணினா பல் ஆடும், இடைவெளி விழும்" என்ற பயம் இங்கே பெரியவர்களிடம் நிறைய. நடப்பது வேறு. இடைவெளியில் காரை அடைத்துக்கொண்டிருந்தது, எடுத்ததும் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. ஈறு முன்பே இறங்கி, பல்லைக் காரைதான் தாங்கிக்கொண்டிருந்தது என்றால், எடுத்தபின் ஆட்டமும் தெரியும். எடுக்காமல் விட்டிருந்தால் இன்னும் இறங்கியிருக்கும்.

போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதய வால்வு மாற்றியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

செலவு யோசனையாக இருந்தால் புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

சுத்தம் செய்து பாலிஷ் போட்டபின் இரண்டு நாள் டீ, காபி, மஞ்சள் தூக்கலான குழம்பு, பீட்ரூட், வெற்றிலை வேண்டாம்.

6. இரண்டு வாரம் சும்மா இருங்கள்

இதை யாரும் செய்வதில்லை. அன்றைக்கே வெளுப்பாக்கிவிடலாமே என்று கேட்பார்கள். சுத்தம் செய்த ஈறு லேசாகப் புண்பட்டிருக்கும், பல் வேர் ஓரம் திறந்திருக்கும். அதன் மேல் மருந்து பட்டால் எரியும், கூச்சம் தாங்காது. இந்த இரண்டு வாரமும் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள, கூச்சத்துக்கான பேஸ்ட்டால் துலக்குங்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் அதே ஜன்னலில் ஒரு போட்டோ எடுத்துப் பழையதோடு வைத்துப் பாருங்கள். டீக் கறையும் காரையும் மட்டும் இருந்தவர்களில் பலர் இங்கேயே திருப்தியாகிவிடுவார்கள். அப்படியானால் 7ஐ விட்டுவிட்டு 8க்குப் போங்கள். தேவைப்படாத வெளுப்பாக்கலைச் செய்யாமல் விடுவது நல்லது.

7. வெளுப்பாக்குதல்: டாக்டர் கொடுக்கும் ட்ரேயும் ஜெல்லும்

பெராக்சைடு மருந்து எனாமலைச் சுரண்டுவதில்லை. அதனூடாக உள்ளே போய், நிறம் தரும் பொருளை உடைக்கிறது. அளவோடு செய்தால் எனாமல் அப்படியே இருக்கும். அளவு மீறினால் கூச்சமும் ஈறு வெந்துபோவதும் வரும்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், அடைக்காத சொத்தை உள்ளவர்கள், எலுமிச்சை வைத்தியத்தில் எனாமல் தேய்ந்தவர்கள் செய்ய வேண்டாம். கேப் போட்ட பல்லும், முன்பல்லில் பல்நிற சிமென்ட் வைத்து அடைத்த இடமும் வெளுக்காது. சுற்றியுள்ள பற்கள் வெள்ளையாகி அது மட்டும் மஞ்சளாகத் தனித்துத் தெரியும். அதை மாற்ற வேண்டியிருந்தால் வெளுத்து முடித்து இரண்டு வாரம் கழித்து மாற்றுங்கள். முன்னாலேயே மாற்றினால் பழைய நிறத்துக்குத்தான் பொருந்தும், உடனே வைத்தால் சிமென்ட்டும் சரியாகப் பிடிக்காது.

கிளினிக்கிலேயே ஒரு மணி நேரத்தில் செய்யும் முறையில் 40 சதவீதம் வரை பெராக்சைடு இருக்கும், ஈறுக்கு மறைப்புப் போட்டு டாக்டர் செய்வார். அன்றைக்குப் பல் காய்ந்திருப்பதால் அதிக வெள்ளையாகத் தெரியும், ஓரிரு வாரத்தில் கொஞ்சம் இறங்கி நிலைக்கும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் செய்து ஏமாற வேண்டாம்.

எனக்குப் பிடித்தது வீட்டு முறை. பல்லின் அச்செடுத்து மெல்லிய ட்ரே செய்து கொடுப்பார்கள், கூடவே 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல். மெதுவாக வேலை செய்யும், கூச்சம் குறைவு. ராத்திரி துலக்கிவிட்டு, ட்ரேயில் ஒவ்வொரு முன்பல்லுக்கும் அரிசி அளவு ஜெல் வையுங்கள். போட்டபின் ஈறில் வழிந்ததை விரலில் துணி சுற்றித் துடையுங்கள். டாக்டர் சொன்ன நேரம் வைத்திருந்து, கழற்றி, கொப்பளித்துவிடுங்கள். வழக்கமாக இரண்டு வாரம் ஆகும்.

தடுமாறுவது ஜெல் அளவில்தான். நிறைய வைத்தால் சீக்கிரம் வெளுக்கும் என்று ட்ரே நிறைய பிதுக்குவார்கள். பல்லைத் தொடும் படலம் மட்டும்தான் வேலை செய்யும், மிச்சம் ஈறில் வழிந்து வெள்ளையாக வேகவைக்கும். கூச்சம் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஜெல்லை ஃபிரிட்ஜில் வையுங்கள், நம் ஊர் மே மாத வெயிலில் அலமாரியில் கிடந்தால் வீரியம் போய்விடும். எத்தனை சதவீதம் என்று அச்சிடாத ஆன்லைன் ஜெல்லை வாங்கவே வாங்காதீர்கள்.

ஃபுளோரைடுக் கறைக்கும் டெட்ராசைக்ளின் கறைக்கும் இரண்டு வாரம் போதாது. டெட்ராசைக்ளினுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஃபுளோரைடுப் பட்டைக்கு வேறு முறைகளும் இருக்கின்றன, டாக்டர் பார்த்துச் சொல்வார். பென்னாகரத்து அக்காவுக்கு முதலில் ஈறு ஓரக் குழிகளை அடைத்தோம். வெனீர், அதாவது பல்லின் முன்பக்கத்தை மூடும் மெல்லிய ஓடு, ஒட்டுவதற்குப் பெரும்பாலும் எனாமலைக் கொஞ்சம் சீவ வேண்டியிருக்கும், அதனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

8. வந்த நிறம் தங்கவும், இருக்கும் எனாமல் தேயாமல் இருக்கவும்

எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை என்பதைக் கவனியுங்கள். ஒரு டம்ளர் டீயை ஐந்து நிமிஷத்தில் குடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் பரவாயில்லை. மேசையில் வைத்து ஒரு மணி நேரம் உறிஞ்சினால் அவ்வளவு நேரமும் பல் அதில் ஊறும்.

சில்வர் பீச்சில் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று, புதுச்சேரி கடற்கரையில் கோலி சோடா: சாப்பிடுங்கள். ஒரே மூச்சில் முடித்து, மேலே தண்ணீர் குடியுங்கள். நெல்லிக்காயை உப்போடு வாயில் அடக்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சோடாவைக் கொப்பளித்து விழுங்குவதையும்தான்.

மசக்கையில் வாந்தி எடுக்கிறவர்கள் உடனே பல் துலக்காதீர்கள். வயிற்று அமிலம் எலுமிச்சையைவிடக் கடுமையாக இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்துக் கொப்பளித்துவிட்டு, அரை மணி கழித்துத் துலக்குங்கள்.

ஈறுக்காகக் கொடுக்கும் குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷை டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் தொடராதீர்கள், அதுவே பழுப்புக் கறையை உண்டாக்கும். குழந்தைகளுக்கு இரும்புச்சத்து சிரப் கொடுத்துப் பல் கறுத்தால் பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம். அது மேல்கறை, பாலிஷில் போய்விடும். ஸ்ட்ராவில் கொடுத்து உடனே தண்ணீர் குடிக்க வையுங்கள்.

காரை எப்படியும் திரும்ப வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டி, இருந்தால் எடுத்துவிடுங்கள். ட்ரேயைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி டப்பாவில் பத்திரமாக வையுங்கள், வெந்நீர் பட்டால் வடிவம் கோணிவிடும். வருஷம் கழித்து நிறம் மங்கினால் திரும்ப இரண்டு வாரம் போட வேண்டியதில்லை. சுத்தம் செய்துகொண்டு, டாக்டரிடம் புது ஜெல் ஒரு ட்யூப் வாங்கி, அதே ட்ரேயில் இரண்டு மூன்று ராத்திரி போட்டாலே போதும்.